பத்தடி நடைவழியும் ஸ்ட்ரோலரும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில், ஜனவரி மாதக் கடைசியில் வரும் ஒரு சனி, ஞாயிறுகளில், ஆம்ஹர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி என்னும் ஆர்வலர் அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் மாதிரி ரயில் கண்காட்சி, அந்நாட்டில் இவ்வகைக் கண்காட்சிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும். செப்டம்பரில் வட்டார வேளாண் பொருட்காட்சி நடைபெறும் மைதானத்தின் நான்கு பெரிய கட்டடங்களை நிரப்பி நடக்கும் இந்தக் கண்காட்சிக்கு இரண்டே நாட்களில் 20,000-க்கும் மேற்பட்டோர் வருகின்றனர். உண்மையான ரயிலை 87-இல் ஒரு பங்காகவோ 160-இல் ஒரு பங்காகவோ சுருக்கிச் செய்த எஞ்சின்களையும் பெட்டிகளையும் ஓட்டிக் காட்டுவோர், அவற்றை வாங்க வருவோர், விற்க வருவோர், வேடிக்கை பார்க்க வருவோர் எனப் பலதரப்பட்ட இக்கூட்டத்தில், நடக்கத் தொடங்கியும் தொடங்காமலும் இருக்கும் குழந்தைகளை வண்டியில் வைத்துத் தள்ளிவரும் பெற்றோரும் கணிசமாக உள்ளனர். தமிழில் தள்ளுவண்டி என்றதும் காய்கறிக்காரரோ இட்லிக் கடையோ நினைவுக்கு வருவதால், குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் இவ்வண்டியை ஸ்ட்ரோலர் என்ற வழக்குப் பெயராலேயே இங்குக் குறிப்பிடலாம்.

மாதிரி ரயில் கண்காட்சி எங்கு நடந்தாலும், அது முடிந்த பிறகு எழும் குறைகளில் ஸ்ட்ரோலர் பற்றிய முணுமுணுப்பு தவறாமல் இடம்பெறுகிறது. வழியை அடைக்கிறது, குதிகாலில் இடிக்கிறது, காலியாக நிறுத்தப்பட்டுக் கிடக்கிறது என்பன அவற்றுள் சில. பெற்றோரின் தரப்பிலோ, தம் குழந்தைகளைத் தொந்தரவாகப் பார்க்கும் முதியவர்கள்மீது வருத்தம் உண்டு. இரு தரப்பாரும் இதை நாகரிகக் குறைவாகவே எண்ணிக்கொண்டாலும், அரங்கின் அளவுகளை எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கும்போது, இந்தச் சச்சரவின் பெரும்பகுதி நடைவழியின் அகலத்திலும் மேசையின் உயரத்திலும் முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுவது புலனாகிறது.

இத்தகைய அரங்கில் இரண்டு வகைப் பகுதிகள் உள்ளன. ஒன்று விற்பனை மேசைகள் வரிசையாக அடுக்கப்பட்ட சந்தைப் பகுதி. மற்றொன்று லேஅவுட்டுகள் நிற்கும் பகுதி. தண்டவாளம், நிலையம், மலை, பாலம், ஊர் ஆகிய அனைத்தையும் சேர்த்து மேசைமேல் கட்டிய சிறு உலகத்தையே இத்துறையினர் லேஅவுட் என்கின்றனர். கண்காட்சிக்குக் கொண்டுவரப்படும் லேஅவுட்டுகளுட் பல, மாட்யூல் எனப்படும் தனித்தனித் துண்டுகளாகச் செய்யப்பட்டு, அரங்கில் ஒன்றோடொன்று பொருத்தப்படுபவை. 1970-களில் கலிபோர்னியாவில் உருவான என்-ட்ராக் என்னும் பொதுவிதி, ஒவ்வொரு துண்டும் நான்கடி நீளமும் தரையிலிருந்து 40 அங்குல உயரமும் உடையதாக இருக்க வேண்டுமென வகுத்ததால், வெவ்வேறு ஊர்க்காரர்கள் தத்தம் வீடுகளில் தனித்தனியே செய்த துண்டுகளைக் கண்காட்சியன்று காலையில் இணைத்து ஒரே பாதையாக்கி ரயில் ஓட்ட முடிகிறது. இவ்வாறு இணைந்தவை பெரும்பாலும் ஒரு மூடிய வளையமாக அமைகின்றன. ரயிலை ஓட்டுவோர் வளையத்துக்குள்ளும், பார்வையாளர் வெளியிலும் நிற்பர்.

கூட்டத்தின் ஓட்டத்தைத் தீர்மானிப்பதில் இந்த வளையத்துக்குத் தனிப்பங்கு உண்டு. ஓவியக் கண்காட்சியில் பார்வையாளர் நகர்கிறார், ஓவியம் நிற்கிறது. ரயில் கண்காட்சியிலோ ரயில் நகர, பார்வையாளர் அது வரும்வரை நிற்கிறார். மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் ரயிலை எச்.ஓ. எனப்படும் 1:87 அளவுக்குச் சுருக்கினால் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஓர் அடி. என் எனப்படும் 1:160 அளவிலோ அது வெறும் 17 சென்டிமீட்டர்தான். நூறடி நீளமுள்ள என் அளவு வளையத்தை அந்த ரயில் ஒருமுறை சுற்றிவர மூன்று நிமிடம் ஆகும். தம் முன்னால் கடந்துபோன ரயிலை மீண்டும் காண விரும்புபவர், அது எவ்வளவு இயல்பான ஆசையாக இருந்தாலும், அந்த மூன்று நிமிடமும் அசையாமல் நிற்கப்போகிறார் என்பதே இதன் பொருள். தடையின்றி நடக்கும் ஒருவர் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர் கடப்பார் என்பதால், எஞ்சினைத் துரத்திக்கொண்டு வளையத்தைச் சுற்றிவரும் இரண்டு வயதுக் குழந்தைகூட எளிதில் அதை முந்திவிடும். முந்திய பின் நின்று, திரும்பி, எதிர்த்திசையில் ஓடிவரும். பெற்றோரும் வண்டியும் அதன் பின்னால்.

இனி நடைவழிக்கு வரலாம். அமெரிக்கக் கண்காட்சி அரங்குகளில் வரிசைகளுக்கு இடையே பத்தடி, அதாவது ஏறத்தாழ 305 சென்டிமீட்டர், விடுவது பரவலான வழக்கம். நியூயார்க் துறைமுக ஆணையத்தில் பணியாற்றியவரும், பாதசாரிகளின் நடமாட்டத்தைப் பொறியியலாக ஆராய்ந்து 1971-இல் நூல் வெளியிட்டவருமான ஜான் ஃப்ரூயின், நிற்கும் ஒரு மனித உடலை 24 அங்குல அகலமும் 18 அங்குலத் தடிமனும் கொண்ட நீள்வட்டமாகக் கொண்டு கணக்கிட்டார். நடைவழியின் இருபுறமும் லேஅவுட்டுகள் இருந்து, ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்றால், அந்த நான்கு வரிசைகளே 183 சென்டிமீட்டரை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சுவது 122 சென்டிமீட்டர். போவோரும் வருவோரும் அதற்குள்தான் அடங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க விதிகள் ஒற்றைச் சக்கர நாற்காலி செல்ல 36 அங்குலத்தையும், இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 60 அங்குலத்தையும், அதாவது 152 சென்டிமீட்டரையும், குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. வரைபடத்தில் தாராளமாகத் தோன்றிய பத்தடி, இரண்டு வரிசைப் பார்வையாளர் சேர்ந்தவுடனேயே, ஸ்ட்ரோலர் ஒன்றும் உள்ளே வராத நிலையிலும், அந்தக் கடப்பு அகலத்தை இழந்துவிடுகிறது.

ஜனவரி மாதம் இக்கணக்கை மேலும் கெடுக்கிறது. மாதிரி ரயில் செய்வது வீட்டுக்குள் அமர்ந்து செய்யும் குளிர்காலப் பொழுதுபோக்கு என்பதால் பெரிய கண்காட்சிகள் பல குளிர்காலத்தையே தேர்ந்தெடுக்கின்றன. அதனால் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தடித்த மேலங்கியுடன், ஃப்ரூயினின் நீள்வட்டத்தைவிடப் பருத்தவராகவே நடமாடுகின்றனர். முதுகுப்பை அணிந்தவர் இன்னும் ஓரடி தடிமனைக் கூட்டிக்கொள்கிறார். தம் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாதென்பதால், அவர் சட்டெனத் திரும்பும்போது அந்தப் பை பக்கத்தில் நிற்பவரையோ மேசைமேல் இருக்கும் பெட்டியையோ தட்டிவிடுகிறது. பிரிட்டனின் கண்காட்சிகளில் ஸ்ட்ரோலரைப் பற்றிய குறைக்கு இணையாக முதுகுப்பையைப் பற்றிய குறையும் பேசப்படுவதில் வியப்பில்லை. கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குப் பனி படிந்த வெளியில் நடக்க வேண்டியிருப்பதால், சிறு சக்கர மடக்கு வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பெருஞ்சக்கர வண்டியைக் கொண்டுவரும் பெற்றோரையும் குறைசொல்ல முடியாது. வெளியே பனிக்கு ஏற்ற வண்டி எதுவோ, அதுவே உள்ளே நடைவழிக்கு ஒவ்வாத வண்டியாகிறது.

ஸ்ட்ரோலரின் வரலாறும் இங்குச் சிறிது உதவும். இரண்டாம் உலகப்போர்க்கால ஸ்பிட்ஃபயர் விமானத்தின் தரையிறங்கு சக்கர அமைப்பை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஓவன் மெக்லாரன் என்னும் பிரிட்டிஷ் பொறியாளர், பேரக்குழந்தைக்காக 1965-இல் வடிவமைத்த அலுமினிய வண்டி, குடைபோல மடங்கி, ஆறு பவுண்டு எடையே கொண்டிருந்தது. மடக்கிக் கையில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறலாம் என்பதே அதன் பெருமையாக இருந்தது. அதற்குப் பின்வந்த பல பத்தாண்டுகளில் வண்டிகள் எதிர்த்திசையில் வளர்ந்து, கூடை, கோப்பை தாங்கி, காற்றடைத்த சக்கரம், இரட்டைக் குழந்தைகளுக்குப் பக்கவாட்டு இருக்கை எனப் பெருத்தன. பக்கவாட்டு இரட்டை வண்டியின் அகலம் 30 அங்குலத்தை எட்டுகிறது. அமெரிக்காவிலுள்ள தன் பூங்காக்களில் 31 அங்குலத்துக்கு மேல் அகலமோ 52 அங்குலத்துக்கு மேல் நீளமோ உள்ள ஸ்ட்ரோலரை அனுமதிப்பதில்லை என டிஸ்னி நிறுவனம் 2019 மே மாதம் விதித்தது, கூட்ட நெரிசலை முன்னிட்டே. அந்த நிறுவனத்தைத் தோற்றுவித்த வால்ட் டிஸ்னியும் தம் வீட்டுத் தோட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவில் நீராவி ரயில் ஓட்டிய மாதிரி ரயில் ஆர்வலர்தான் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

வண்டியும் தள்ளுபவரும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் கொள்கின்றனர். நின்று பார்க்கும் நான்கு பேருக்குப் போதுமான இடம் அது. எனினும் இடத்தைவிட, அது எந்தத் திசையில் நிறுத்தப்படுகிறது என்பதே நெரிசலைத் தீர்மானிக்கிறது. குழந்தைக்கு ரயில் நேராகத் தெரிய வேண்டுமென்று வண்டியின் முகத்தை லேஅவுட்டை நோக்கித் திருப்பினால், அந்த ஐந்தடியும் நடைவழியின் குறுக்கே நீண்டு, பாதி வழியை அடைக்கிறது. லேஅவுட்டுக்கு இணையாக நிறுத்தினால் வழி திறந்திருக்கும். ஆனால் குழந்தை கழுத்தைத் திருப்ப வேண்டும், தவிர, முன்வரிசையில் நிற்கக்கூடிய இருவரின் இடம் பறிபோகும். கண்ணியமான பெற்றோர் எதைச் செய்தாலும் யாராவது ஒருவருக்கு இடைஞ்சல்தான். வளையத்தின் மூலைகளில் மட்டும் இந்தச் சிக்கல் ஓரளவு தளர்கிறது. அங்கு நடைவழி விரிவதோடு, வளைந்து வரும் ரயிலின் முகம் நேராகத் தெரிகிறது. வருத்தம் என்னவென்றால், புகைப்படக்காரர்கள் அனைவரும் விரும்பும் இடமும் அதுவே.

இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டும் வண்டியிலிருக்கும் குழந்தைக்கு ரயில் தெரிகிறதா என்பதே ஆராயத்தக்க கேள்வி. அமர்ந்திருக்கும் சிறு குழந்தையின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். என்-ட்ராக் தண்டவாளம் 40 அங்குல உயரத்திலும், ஃப்ரீ-மோ என்னும் மற்றொரு பொதுவிதியின் தண்டவாளம் 50 அங்குலத்திலும் செல்கின்றன. நின்று பார்க்கும் பெரியவரின் கண்ணுக்கு ரயில் மேலிருந்து பொம்மையாகத் தெரியாமல், பக்கவாட்டில் உண்மை ரயிலாகத் தெரிய வேண்டும் என்ற கலைநோக்கில் எழுந்த உயரங்கள் இவை. அந்த நோக்கில் குற்றம் காண இடமில்லை. ஆனால் வண்டியில் இருக்கும் குழந்தைக்கு முன்னால் இருப்பதோ மேசைக்கால்களை மறைக்கத் தொங்கவிடப்பட்ட கறுப்புத் துணி. அது அழத் தொடங்குகிறது, தந்தை அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்கிறார், வண்டி காலியாகிறது, தோளிலிருக்கும் குழந்தை பின்னால் நிற்பவருக்கு மறைக்கிறது, காலி வண்டியில் மேலங்கிகளும் வாங்கிய பெட்டிகளும் ஏறுகின்றன. குழந்தையில்லாத வண்டியைப் பொருள் சுமக்கும் வண்டியாகத் தள்ளித் திரிகிறார்கள் என்று ஆர்வலர்கள் அடிக்கடி எரிச்சலுறும் காட்சி, மேசை உயரத்தில் தொடங்கி இவ்வாறு படிப்படியாக உருவாவது.

சந்தைப் பகுதியின் இயல்பு வேறு. அங்கு நிற்பவர் குனிந்து நிற்கிறார். பழைய பெட்டிகளும் சக்கரங்களும் குவிக்கப்பட்ட மலிவுவிலைப் பெட்டிகள் மேசைமேலும் மேசைக்குக் கீழும் வைக்கப்பட்டிருப்பதால், தேடுபவரின் முதுகும் பின்புறமும் வழிக்குள் நீள்கின்றன. கடைகளில் வாங்குவோரின் நடத்தையை ஆராய்ந்த பாக்கோ அண்டர்ஹில், நியூயார்க்கின் ப்ளூமிங்டேல்ஸ் கடையில் நுழைவாயிலருகே வைத்திருந்த கழுத்துப்பட்டை அலமாரியைப் படம்பிடித்துப் பார்த்தபோது, குனிந்து தேர்ந்தெடுப்பவரின் பின்புறத்தில் கடந்துபோவோர் ஒருமுறை, இருமுறை உரசியதும் அவர் தேடலைக் கைவிட்டு நகர்ந்துவிடுவதைக் கண்டு, அதை 1999-இல் வெளியான தம் நூலில் விவரித்தார். ஸ்ட்ரோலரைப் பற்றி மிகுந்த எரிச்சல் லேஅவுட் பகுதியைவிடச் சந்தைப் பகுதியில் எழுவதற்கு அண்டர்ஹில்லின் கவனிப்பு நல்ல விளக்கம் தருகிறது. வாங்குபவர் போய்விட்டால் இழப்பு வியாபாரிக்கு. ஆகவே அவர் பக்கத்திலிருந்தும் முறைப்பு கிடைக்கிறது. எனினும், அதே வழியில் மடக்குச் சக்கரவண்டியில் பெட்டிகளை அடுக்கி இழுத்துச் செல்லும் சேகரிப்பாளரை யாரும் முறைப்பதில்லை. இழுத்துச் செல்லப்படும் வண்டி இழுப்பவரின் பார்வைக்கு வெளியே, மற்றவர் கணுக்கால் உயரத்தில் வருவதால், முன்னால் தள்ளப்படும் ஸ்ட்ரோலரைவிட அது ஆபத்தானதே.

கண்காட்சி நடத்துவோர் கையில் இருக்கும் கருவிகள் சில உண்டு. அவற்றுள் வலியது நேரம். பின்னாளில் எம்.ஐ.டி. பேராசிரியரான ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிக்காட்டிய எளிய விதியின்படி, ஓரிடத்துக்குள் ஒரே நேரத்தில் இருப்போரின் எண்ணிக்கை, மணிக்கு எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதையும் பெருக்கினால் கிடைக்கும். மணிக்கு 1,500 பேர் நுழைந்து நான்கு மணிநேரம் தங்கினால் உள்ளே 6,000 பேர்; மூன்று மணிநேரமே தங்கினால் 4,500 பேர். நல்ல லேஅவுட்டுகளைக் கூட்டக் கூட்டத் தங்கும் நேரமும் கூடுவதால், கண்காட்சி சிறக்கச் சிறக்க நெரிசலும் கூடும் என்பது இவ்விதி உணர்த்தும் சங்கடம். ஹாம்பர்க் நகரில் 2001 முதல் நிலையாக இயங்கிவரும் மினியாட்டூர் வுண்டர்லாண்ட் என்னும் மாதிரி ரயில் காட்சியகம், குறித்த நேரத்துக்கான நுழைவுச்சீட்டுகளால் இதைச் சமாளிக்கிறது. இரண்டு நாட்களில் முடிந்துவிடும் கண்காட்சிக்கு அது எளிதன்று. அரிய பொருள் கைநழுவிப் போய்விடுமோ என்ற கவலையில் ஆர்வலர்கள் அனைவரும் கதவு திறக்கும் நேரத்திலேயே வந்து குவிவர். ஆகவே குழந்தைகளோடு வருவோர் மதியத்துக்குப் பிறகு வருவதே இரு சாராருக்கும் நலம் தரும். இதை நுழைவுச்சீட்டிலேயே அச்சிட்டால் பலர் பின்பற்றுவர்.

அடுத்தது எதை எங்கே வைப்பது என்பது. ரெவரெண்ட் ஆட்ரி 1945 முதல் வெளியிட்ட கதைகளிலிருந்து பிறந்து, 1984-இல் தொலைக்காட்சிக்கு வந்த தாமஸ் என்னும் நீலநிற எஞ்சின் எங்கு ஓடுகிறதோ, அங்கே ஸ்ட்ரோலர்கள் சேரும். அதை நுழைவாயிலருகே வைப்பது, ஒற்றை வழிப்பாதையின் தொடக்கத்திலேயே சரக்கு ரயிலை நிறுத்திவைப்பதற்கு ஒப்பானது. அரங்கின் கடைக்கோடியில், இருபதடியாவது திறந்த இடம் விட்டு வைத்தால், குடும்பங்கள் சந்தைப் பகுதியில் தேங்காமல் அதை நோக்கி நகரும். ரயில் ஆர்வலர்கள் இதை அறியாதவர்களும் அல்லர். எதிரெதிரே வரும் இரு ரயில்கள் ஒற்றைப் பாதையில் கடக்க லூப் லைன் வேண்டும் என்பதைத் தம் லேஅவுட்டில் அங்குல அளவில் செய்து காட்டுபவர்கள், அரங்கின் நடைவழியில் இரண்டு வண்டிகள் கடக்க ஓர் ஒதுக்கிடத்தை விட மறந்துவிடுவதுதான் விந்தை. முப்பது அடிக்கு ஒருமுறை ஒரு மேசையின் இடத்தைக் காலியாக விடுவது போதும்; அந்த மேசையின் வாடகை போய்விடுமே என்பதுதான் தடை. ஸ்ட்ரோலர்களை நிறுத்தக் கயிறு கட்டிய ஓர் இடத்தை ஒதுக்காத அரங்குகளில், அவை அவசரகால வழிகளின் முன்னால் தாமாகச் சேர்கின்றன; தீயணைப்பு ஆய்வாளர் கண்ணில் அது படுமானால் ஒழுங்குசெய்யும்வரை நுழைவையே நிறுத்தக்கூடும்.

இவற்றுக்குப் பிறகே தனிமனிதர் பழக்கங்கள் வருகின்றன. நின்று பார்க்க விரும்பினால் முதலில் ஓரம் ஒதுங்கி, வண்டியை லேஅவுட்டுக்கு இணையாக நிறுத்தி, சக்கரத் தடையைப் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்குவது. ரயில் இரண்டு சுற்று வந்ததும் இடத்தை விடுவது. சந்தைப் பகுதிக்குள் ஒருவர் மட்டும் நுழைய மற்றவர் குழந்தையோடு வெளியே இருப்பது. வழி கேட்க வண்டியின் முன்சக்கரத்தைப் பயன்படுத்தாமல் வாயைப் பயன்படுத்துவது ஆகியவை பெற்றோர் பக்கத்து வழக்கங்கள். கைக்குழந்தையானால் மார்போடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் துணித்தூளி எந்த வண்டியையும்விட மேல். குழந்தையின் கை தடுப்பைத் தாண்டாமல் பார்ப்பதும் முக்கியம், எச்.ஓ. அளவுச் சக்கரத்தைத் தண்டவாளத்தின்மேல் பிடித்து வைத்திருக்கும் உட்புற விளிம்பின் ஆழம் 0.6 மில்லிமீட்டர் அளவே என்பதால், ஒரு விரல் பட்டாலே நாற்பது பெட்டிகள் தடம் புரளும். ஆர்வலர் பக்கத்திலோ, முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடிப்பது, நண்பரைக் கண்டதும் நடைவழியின் நடுவில் நின்று பேசாமல் விலகிப் பேசுவது, முன்வரிசையில் நிற்கும்போது ஒரு சிறுவனைத் தமக்கு முன்னால் விடுவது ஆகியவை வேண்டும். சிறுவன் முன்னால் நின்றாலும் அவன் தலைக்கு மேல் பெரியவருக்கு ரயில் தெரியும். பெரியவர் முன்னால் நின்றால் சிறுவனுக்குத் தெரியாது.

உயரச் சிக்கலுக்கு அரங்குகளிலேயே ஒரு விடை உள்ளது. ஜப்பானில் தோன்றிய டி-ட்ராக் என்னும் முறையில், ஒரு கையால் தூக்கக்கூடிய சிறு துண்டுகளைச் சாதாரண மடக்கு மேசைமேல் அடுக்கி இணைக்கின்றனர். தனியாகக் கால் பொருத்தும் வேலையைக் குறைக்கவே இவ்வாறு செய்யப்பட்டாலும், அதன் தண்டவாளம் தரையிலிருந்து 30 அங்குலத்தைச் சிறிதே கடந்து நிற்பதால், வண்டியிலிருந்து எழாமலே குழந்தையால் ரயிலைக் காண முடிகிறது. லெகோ துண்டுகளால் ரயில் கட்டுவோரின் லேஅவுட்டுகளும் அதே மேசைகளில்தான் நிற்கின்றன. இவற்றின் முன்னால் பெற்றோர் குழந்தையைத் தூக்குவதில்லை, வண்டி காலியாவதில்லை, தோள்மேல் குழந்தை ஏறாததால் பின்வரிசைக்கும் மறைவதில்லை. அங்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்பவர், பெரும்பாலும், எழுபது வயதைக் கடந்த ஆர்வலராக இருப்பார்.